பிளக் மரை போனால் சிலிண்டரையே மாற்ற வேண்டுமா?

சிறு இயந்திரங்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் ஐயங்களுக்கு இப்பகுதியில் விடையளித்து வருகிறோம். இம்முறை வந்த கடிதங்களில் பல, ஸ்பார்க் பிளக் திருகி அமரும் மரை (திருகு வரி) பிய்ந்துபோகும் ஒரே பழுதைப் பற்றியவை என்பதால், பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பள்ளித் திடல்களிலும் ஒப்பந்தத்திற்குப் புல் வெட்டுகிறேன். முதுகில் மாட்டிக்கொள்ளும் என் புல்வெட்டு மெஷினில் ஸ்பார்க் பிளக்கை இறுக்கினால் இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. கயிற்றை இழுத்தால் பிளக்கைச் சுற்றி ‘உஸ்’ என்று காற்று போகிறது. ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்), சிலிண்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்பருக்கு வணக்கம். இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் சிலிண்டர் அலுமினியம். பிளக்கின் உடல் எஃகு. மென்மையான உலோகத்தில் வெட்டிய மரையைக் கடினமான உலோகம் பிய்த்துவிட்டது. பிய்ந்த இடத்தைச் சற்றுப் பெரிதாக வெட்டி, உள்ளே எஃகு மரை ஒன்றைப் பதித்துவிட்டால் பழைய பிளக்கே மீண்டும் இறுகும். சிலிண்டரில் வெடிப்பு இல்லாத வரை இதைத் தாராளமாகச் செய்யலாம். ஒழுங்காகச் செய்த வேலை, முதலில் இருந்த அலுமினிய மரையைவிட அதிக நாள் உழைக்கும்.

வெள்ளை டேப் யோசனையை முற்றாகக் கைவிடுங்கள். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வேலை செய்கிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி மரை வழியாகவும், பிளக்கின் கழுத்திலுள்ள உலோக வளையமான வாசர் வழியாகவுமே சிலிண்டருக்குள் இறங்கிக் காற்றில் கலைகிறது. நடுவில் டேப்பையோ பசையையோ வைத்தால் வெப்பம் இறங்கும் வழி அடைபடுகிறது. மின்பொறிக்குத் தேவையான தரைத் தொடர்பும் கெடலாம். டேப் 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிப்பில்லாத பிளக் ஓட்டத்தின் நடுவே தெறித்து வெளியே வந்தால், பெட்ரோல் ஆவி திறந்த துளை வழியே பீறிட, பக்கத்திலேயே தொப்பியோடு தொங்கும் பிளக் பொறி விட்டுக்கொண்டிருக்கும். மெஷின் உங்கள் முதுகில் இருக்கும் நேரம் அது. ஆகவே பழுது பார்த்து முடியும் வரை ஒரு நிமிடமும் அதை ஓட்டாதீர்கள்.

முதலில் சேதம் எவ்வளவு என்று பாருங்கள். துளையைத் துணியால் துடைத்துவிட்டுக் கைவிளக்கு அடித்துப் பார்த்தால், மேலே ஒன்றிரண்டு மரைகள் மட்டும் சாய்ந்து நசுங்கி, கீழே உள்ளவை முழுமையாக இருக்கக்கூடும். அப்படியானால் புது மரை பதிக்கத் தேவையில்லை. இருக்கும் மரையைச் சீராக்கினால் போதும். அதற்கு 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உள்ள ‘டேப்’ (மரை வெட்டும் எஃகுக் கருவி; வெள்ளை டேப் அல்ல) வேண்டும். டேப் கிடைக்காவிட்டால், அதே அளவுள்ள பழைய பிளக் ஒன்றின் மரையில் நீளவாக்கில் மூன்று நான்கு பள்ளங்களை ரம்பத்தால் அறுத்து, பிசிறுகளை அரத்தால் நீக்கி, கிரீஸ் தடவிக் கையாலேயே மெல்லத் திருகி ஏற்றலாம். எஃகுப் பிளக் அலுமினிய மரையை நேர்படுத்திவிடும். சாய்வாக ஏறுவதாகத் தெரிந்தால் அந்த நொடியிலேயே நிறுத்திப் பின்னால் திருப்புங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மரை முழுவதும் போயிருக்கிறது. இதில் வியப்பில்லை. புல்வெட்டு மெஷின்களில் பெரும்பாலும் வரும் பிஎம்6ஏ, பிபிஎம்ஆர்7ஏ போன்ற குட்டைப் பிளக்குகளின் மரை நீளம் 9.5 மில்லிமீட்டர்தான். 1.25 மில்லிமீட்டர் இடைவெளியில் கணக்கிட்டால் ஏழு மரைகளே பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீர் இறைக்கும் பம்பில் வரும் 19 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பதினைந்து மரைகள் உண்டு. காலையிலும் மதியமும் பிளக்கைக் கழற்றித் துடைக்கும் வழக்கம் நம் வெளிக்காட்டு வேலையில் இருப்பதால், அந்த ஏழு மரைகள்தாம் எல்லாச் சுமையையும் தாங்குகின்றன.

இனி வேலையைச் சொல்கிறேன். உங்கள் மெஷின் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால், பெரும்பாலும் சிலிண்டரை மேலே மூடும் தலையும் சிலிண்டரும் ஒரே வார்ப்பாக இருக்கும். தலையை மட்டும் தனியே கழற்ற முடியாது. இந்த ஒரு செய்தியைக் கவனிக்காமல் பலர் மெஷினைப் பாழாக்கிவிடுகிறார்கள். மரை வெட்டும்போது விழும் அலுமினியத் தூள், சிலிண்டர்ச் சுவரிலுள்ள திறப்புகள் வழியே கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் இறங்கினால், அங்குள்ள ஊசி பேரிங்குகளைக் கெடுத்துவிடும். சிலிண்டரின் உட்பூச்சும் கீறப்படும். காந்தத்தை விட்டு எடுத்துவிடலாம் என்று நினைக்கவும் முடியாது, ஏனெனில் அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆகையால் சிலிண்டரைக் கழற்றியே இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் அந்த அரை மணி நேரம் ஒரு கிராங்க்கைக் காப்பாற்றும்.

உறை, சைலன்சர், கார்புரேட்டர் ஆகியவற்றை எடுத்த பின் சிலிண்டரின் அடி போல்ட்டுகளைக் கழற்றுங்கள். சிலிண்டரை நேராக இழுங்கள். இடது வலமாகத் திருப்பாதீர்கள், ஏனெனில் பிஸ்டன் வளையத்தின் முனை திறப்பில் மாட்டி ஒடிந்துவிடும். சிலிண்டர் வந்ததும் கிராங்க்கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பின்பு சிலிண்டரை மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்துப் பிடித்து, பிளக் துளைக்கென்றே செய்யப்பட்ட டேப்பை இறக்குங்கள். இந்த டேப்பின் முன்பகுதி 14 மில்லிமீட்டர் மரையாக இருந்து வழிகாட்டும். பின்பகுதி பெரிய மரையை வெட்டும். மின்துரப்பணத்தில் மாட்டி வெட்டக் கூடாது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டு, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று போங்கள். சில சுற்றுக்கு ஒரு முறை டேப்பை வெளியே எடுத்து, தூள் கலந்த கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். தொடக்கத்திலேயே மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்து டேப் செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். சாய்ந்து வெட்டிய மரையில் பிளக்கின் வாசர் ஒரு பக்கம் மட்டுமே படியும்; எவ்வளவு இறுக்கினாலும் காற்று கசியும்.

மரை பதித்து முடிந்ததும் சிலிண்டரைப் பெட்ரோலாலும் காற்றாலும் நன்கு கழுவுங்கள். அடி கேஸ்கட் புதியதாக இருக்கட்டும். வளையத்தின் வாய் பிஸ்டனிலுள்ள சிறு ஊசியில் சரியாக அமர்ந்திருப்பதைப் பார்த்து, விரலால் வளையத்தை அமுக்கிக்கொண்டு, எண்ணெய் தடவிய சிலிண்டரை நேராக இறக்குங்கள்.

எப்படியும் சிலிண்டரைக் கழற்ற இயலாத நிலை என்றால் ஒரு வழி இருக்கிறது. சைலன்சரை மட்டும் எடுத்துவிட்டு, புகை வெளியேறும் திறப்பு வழியே பார்த்தபடி கிராங்க்கை மெல்லத் திருப்பி, பிஸ்டன் மேலேறி அந்தத் திறப்பை முழுவதும் மூடியதும் நிறுத்துங்கள். அப்போது மற்றத் திறப்புகளும் மூடப்பட்டிருக்கும். தூள் விழுந்தாலும் பிஸ்டன் தலையின் மேல்தான் நிற்கும். பிஸ்டனை அதற்கு மேல் உயர்த்தினால் டேப்பின் முனை அதன் தலையில் இடித்துவிடும் என்பதால், மெல்லிய குச்சி ஒன்றைத் துளைக்குள் விட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வெட்டி முடிந்ததும் கிராங்க்கை அசைக்காமல் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிறு குழாய் வழியே காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். இது இரண்டாம்தர வழிதான். என்ஜினை நேசிப்பவர் முதல் வழியையே தேர்ந்தெடுப்பார்.

கேள்வி: தெலுக் இந்தான் இரும்புக் கடையில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று சுருள் கம்பி போல இருக்கிறது. மற்றொன்று மரை வெட்டிய குட்டைக் குழாய் போல இருக்கிறது. எது நல்லது? – வாசகர், பாகான் டத்தோ

பதில்: முதலாவது ‘ஹெலிகாயில்’ என்று அழைக்கப்படும் வகை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருளாக்கியிருப்பார்கள். சுருளின் விட்டம் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். உள்ளே போனதும் விரிய முயன்று தானாகவே பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தைக் குறைவாகவே வெட்ட வேண்டியிருப்பது அதன் பெரிய நன்மை. சுவர் மெல்லியதாக உள்ள இடங்களில் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பதிக்கும்போது மேல்முனை துளையின் விளிம்புக்குக் கால்சுற்றோ அரைச்சுற்றோ கீழே நிற்க வேண்டும். அடியில் குறுக்காக நிற்கும் பிடிவால் உள்ள வகையானால், அதை ஒடித்து வெளியே எடுத்தாக வேண்டும். உள்ளே விழவிட்டால் அது பிஸ்டனின் மேல் உருளும்.

இரண்டாவது வகையை நம் பட்டறைகளில் புஷ் என்பார்கள். இதற்குத் துளையை அதிகமாக அகற்ற வேண்டும். பரவலாகக் கிடைக்கும் பெட்டிகளில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு வெளிமரை 16 மில்லிமீட்டர் வரும். ஆயினும் அடிக்கடி பிளக் கழற்றப்படும் மெஷின்களுக்கு இதுவே மேல் என்பேன். மேலே விளிம்பு உள்ள புஷ் என்றால் அது ஓர் எல்லையில் அமர்ந்து நின்றுவிடும். அதற்கு மேல் உள்ளே இறங்கிப் பிஸ்டனைத் தொடும் அச்சம் இல்லை. சுருளிலோ, நாள்பட்ட பிளக்கைக் கழற்றும்போது கம்பியின் நுனி பிளக்கோடு சேர்ந்து உருவி வந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.

எந்த வகையானாலும் நீளத்தில் கவனம் வையுங்கள். புஷ் எரியறைக்குள் ஒரு மரை அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும், அந்த விளிம்பு கனன்று, பொறி விழுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கக்கூடும். மிகக் குட்டையாக இருந்தால், அடியில் வெறுமையாகக் கிடக்கும் அலுமினியத்தில் கரி அடையும். பெட்டியில் பல நீளங்களில் புஷ் இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் பிளக்கின் மரை நீளத்தை அளந்து, அதற்கு ஒத்ததையே எடுங்கள். பிளக்கின் வாசர் புஷ்ஷின் விளிம்பின் மேலோ சிலிண்டரின் தட்டையான முகத்தின் மேலோ முழு வட்டமாகப் படிய வேண்டும்.

கேள்வி: எங்கள் கோயில் ஜெனரேட்டரில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகை என்ஜின். சென்ற ஆண்டு பட்டறை ஒன்றில் பிளக்குக்குப் புஷ் போட்டார்கள். இப்போது பிளக்கைக் கழற்றினால் புஷ்ஷும் சேர்ந்தே வெளியே வருகிறது. என்ன செய்வது? – ஆலயப் பொறுப்பாளர், பீடோர்

பதில்: பிளக் புஷ்ஷைப் பிடித்திருக்கும் பிடி, புஷ் அலுமினியத்தைப் பிடித்திருக்கும் பிடியைவிட வலுத்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் துடைக்காமல் புஷ் போட்டிருக்கலாம், அல்லது பிளக்கைச் சூடாக இருக்கும்போதே கழற்றியிருக்கலாம்.

திருவிழா அடுத்த வாரம் என்றால், வந்த பிளக்கையும் புஷ்ஷையும் பிரிக்காமல் அப்படியே ஒன்றாகத் திருகி ஓட்டுவதில் தவறில்லை, அலுமினிய மரை நன்றாக இருந்து காற்றுக் கசியாமல் இறுகினால் மட்டும். பிளக்கின் வாயைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது.

நிலையான பழுதுபார்ப்புக்குத் தலையைக் கழற்றுவதே முறை. இந்த என்ஜினில் தலையைப் பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள்தாம். வால்வுகளைத் தள்ளும் இரு கம்பிகளில் எது எந்தப் பக்கத்தது என்று அடையாளம் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். தலை கைக்கு வந்ததும் பிளக் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் நடுவே மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். வெடிப்பு இருந்தால் எந்தப் புஷ்ஷும் நிற்காது. புதுத் தலை வாங்குவதுதான் வழி. வெடிப்பு இல்லையென்றால், அலுமினிய மரையையும் புஷ்ஷின் வெளிமரையையும் பிரேக் கிளீனரால் எண்ணெய் சிறிதும் இல்லாமல் கழுவி, உயர்வெப்பம் தாங்கும் மரைப் பூட்டுத் திரவத்தைப் புஷ்ஷின் வெளிமரையில் மட்டும் தடவி இறுக்குங்கள். குப்பியில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் காயவிட்ட பிறகே பிளக்கைத் தொட வேண்டும். எரியறைப் பக்கத்தில் புஷ்ஷும் அலுமினியமும் சேரும் கோட்டில் இரண்டு மூன்று இடங்களில் ‘பஞ்ச்’ என்னும் குத்துளியால் மெல்லக் குத்திவைத்தால் புஷ் திரும்பாது; ஆனால் அந்தக் குத்து புஷ்ஷின் உள்மரையை நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலையைத் திரும்பப் பூட்டும்போது கேஸ்கட் புதிது வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர்.

கேள்வி: அப்பாவின் பழைய கார்புரேட்டர் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை நானே பராமரிக்கிறேன். மரை போகாமல் இருக்க பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்? மரையில் கிரீஸ் தடவலாமா? – கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: மரை போகும் முன்பே கேட்டிருக்கிறீர்கள், மகளே, மிக்க மகிழ்ச்சி. உங்கள் வண்டியில் இருப்பது 10 மில்லிமீட்டர் மரையுள்ள சிறிய பிளக். அலுமினியத் தலையில் அதற்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 என்று பிளக் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஜிஎக்ஸ்160-க்கு அதன் கையேடு 18 என்கிறது. கையேட்டில் உள்ள எண்ணே முதன்மையானது.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் கோணத்தால் அளக்கலாம். பிளக்கை எப்போதும் முதலில் விரலால் திருகுங்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே அது அடி வரை இலகுவாகப் போய் அமர வேண்டும். விரலுக்கு முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். கழற்றி மீண்டும் தொடங்குங்கள். எட்டாத இடமானால், பிளக்கின் தலையில் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி அதைப் பிடித்துத் திருகலாம். மரை மாறினால் குழாய் வழுக்கிவிடுமே தவிர மரையைப் பிய்க்காது. அமர்ந்த பின், புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச்சுற்று. புது வாசர் நசுங்கி அமர அந்த அரைச்சுற்று வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்திய பிளக்கின் வாசர் நசுங்கியே இருப்பதால், கால்சுற்றுக்கும் குறைவாகவே இறுக்குங்கள். பழைய பிளக்கையும் அரைச்சுற்று இறுக்குகிற பழக்கத்தால் போன மரைகள் ஏராளம்.

கிரீஸ் வேண்டாம். இன்றைய பிளக்குகளின் உடலில் பூசப்பட்டிருக்கும் உலோகப் பூச்சே ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். கிரீஸ் தடவினால் வழுக்கல் கூடி, அதே கைப்பலத்தில் மரை அளவுக்கு மீறி இழுபடும். கழற்றும்போது என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் என்பதால் சூட்டில் இரண்டின் பிடியும் வெவ்வேறாக மாறுகிறது. சூடான அலுமினியம் எளிதில் இழைந்து பிய்வதும் உண்டு. கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்குங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இது மிகவும் தேவை.

கேள்வி: மேல் மரை மட்டும் போயிருக்கிறது. நீளமான பிளக் போட்டால் அடியில் உள்ள மரையைப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? – வாசகர், தாப்பா

பதில்: கூடாது. 9.5 மில்லிமீட்டர் பிளக் இருந்த இடத்தில் 12.7 மில்லிமீட்டர் பிளக்கைப் போட்டால் அது 3.2 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறங்கும். சிறிய என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடைவெளி மிகக் குறைவு. பிஸ்டன் இடித்தால் பிளக்கின் நுனி நசுங்கும், பிஸ்டனின் தலையும் துளைபடலாம். இடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி இறுகும். அடுத்த முறை கழற்றும்போது அந்தக் கரி, இப்போது நன்றாக இருக்கும் அடி மரைகளையும் அரைத்துக்கொண்டு வெளியே வரும். மேல் மரைகள் வெறுமனே சாயாமல் பிய்ந்தே போயிருக்கும் இந்த நிலையில் சிறிய சுருள் ஒன்றைப் பதித்தால் வேலை முடிந்துவிடும். பழைய பிளக்கை உடன் எடுத்துச் சென்று, புதியதன் மரை நீளமும் விட்டமும் அதனோடு ஒத்திருக்கின்றனவா என்று கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.